ஆணியில மாட்டின படம்

பத்தேகாலுக்கு வந்துருங்கக்கான்னு சொல்லிவிட்டிருந்தாக, சண்முகவடிவு பத்துக்கே வந்து உக்காந்துட்டா. மேனேஜர் ரூமு வாசல்ல ஒரு பெஞ்சு கிடக்குமே, அதுல உக்காந்து நல்ல சேதி கேட்டவக இந்த மில்லுல ரொம்பப் பேரு கிடையாது. இருபத்தாறு வருசத்துல அவளே அதுல உக்காந்தது ரெண்டு தடவைதான். ஒண்ணு, புருசன் செத்த அன்னைக்கு, லீவு சொல்ல. யாராவது அன்னைக்கு லீவு சொல்ல நேர்ல வருவாகளா, இவ வந்தா, சொல்லாமக் கொள்ளாம நின்னா பேரு கெட்டுரும்னு ஓடி வந்தா, தாலிக் கயித்தோட. இன்னொண்ணு போன வருசம் ஆடி மாசம், உங்களுக்கு ஒரு புதுப் பொறுப்பு குடுக்கப் போறோம்னு கூப்பிட்டப்ப. இது மூணாவது. உள்ள ஒரு காகிதம் தயாராயிக்கிட்டு இருக்கு, அதுல அவ கையெழுத்துப் போடணும், மத்தியானம் விபத்தை விசாரிக்க கவர்மெண்டு ஃபாக்டரி ஆபீசரு வாராராம், அவரு வாரதுக்குள்ள. என்ன எழுதியிருக்கும்னு அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில ஃபிட்டர் பலவேசம் தன் படத்தை போர்டுல மாட்டாமலே மிஷினுக்குள்ள கையை விட்டாரு, அதனாலதான் வலது கை போச்சு, இதுக்கு நானே சாட்சின்னு எழுதியிருக்கும். மாட்டலையாம். மாட்டினான். அவன் மாட்டினான்னு இந்த உலகத்துல உறுதியாத் தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான். ஏன்னா அந்தப் படம் இப்ப அவ நீலக்கோட்டுப் பையில கிடக்கு. மூணு நாளாக் கிடக்கு. கையை உள்ள விட்டா முனை குத்துது, அதனால கையை உள்ள விடாம மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

காத்தாடி கிரீச் கிரீச்சுங்குது. அதுக்கும் அடியில மில்லு இரையுது. கேட்டுக் கேட்டுப் பழகின காதுக்கு அது ஒரே இரைச்சல் இல்லை, நாலஞ்சு பேரு ஒண்ணா முணங்குற மாதிரி, இந்தா இது ஸ்பின்னிங், இது கார்டிங், அந்தத் தொண்டை கட்டின குரலு ப்ளோரூமு. பஞ்சுப் பொதியைப் பிரிச்சுப் போட்டதும் முள்ளு வச்ச உருளை சுத்திச் சுத்திக் கிழிச்சு விடும்ல, அந்த இடம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் குரலு நின்னு போச்சு. சனிக்கிழமை விடியக்காலமே திரும்ப வந்துருச்சு. கழுவி, துடைச்சு, ஓட்டிட்டாக. ஒரு நாளு கூட மௌனமா இருக்கலை அது. அந்த உருளையில பஞ்சு அடைச்சுக்கிட்டா எடுத்து விடுறது பலவேசம்தான், பதினெட்டு வருசமா. அவன் எடுக்கற விதமே தனி. மொதல்ல கரண்டுப் பெட்டியைத் திறந்து மூணு பீஸு கட்டையையும் புடுங்குவான், பீங்கான் கட்டை, ஒவ்வொண்ணும் கொழுக்கட்டை தண்டி இருக்கும், மூணையும் கைலி மடியில கட்டிக்கிட்டு அப்புறம்தான் உள்ள கையை விடுவான். கட்டை என் மடியில இருக்கற வரைக்கும் எமனே வந்து சுச்சைத் தட்டினாலும் ஓடாதுக்கான்னு சிரிப்பான். அவனுக்குக் கத்துக் குடுத்தவனும் அப்பிடித்தான், அவனுக்கு முந்தினவனும் அப்பிடித்தான். இதுல ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு நாளு ஷிப்டு முடிஞ்சு மடியோட வீட்டுக்குப் போயிட்டான். இங்க ப்ளோரூமு நிக்குது, மேஸ்திரி கத்துறாரு, பஞ்சு இல்லாம கார்டிங்கு நின்னு போச்சு, எங்கடா கட்டை, எங்கடா பலவேசம்னு. அவன் அங்க குளிக்கப் போயி கைலியை அவுத்தா டொக்கு டொக்குன்னு கல்லுல விழுது மூணும். ஈரத் துண்டோட, தலையில சீயக்காயோட, சைக்கிளை மிதிச்சுக்கிட்டு கேட்டுக்கு வந்துட்டான். வாட்ச்மேன் விடமாட்டேங்கறான், ஐடி கார்டு எங்கேன்னு. இவன் துண்டை விரிச்சுக் காட்டவான்னு கேட்டிருக்கான். பொம்பளைக நாங்கல்லாம் ஒரு வாரம் சிரிச்சோம்னு வடிவு போன வாரம் வரைக்கும் சொல்லுவா. இப்பச் சொல்ல மாட்டா. அன்னைக்கு ரெண்டரை மணி நேரம் நின்ன மிஷினுதான் பெங்களூருக்காரரைக் கொண்டாந்துச்சு. ஒரு மில்லு ஒருத்தரு மடியில தொங்கக் கூடாதுன்னாராம் அவரு மொத நாளே.

ஆதர்ஷ்னு பேரு, மில்லு வேலைக்குப் புது முறை வகுத்துக் குடுக்க வந்தவரு, முப்பது வயசுக்கு மேல இருக்காது, நல்ல புள்ளைதான், குத்தம் சொல்ல முடியாது, கேன்டீன்ல எல்லார் கூடவும் தரையில உக்காந்து சாப்பிட்டாரு. மொத வாரம் யாருக்கும் எதையும் சொல்லலை, கேட்டுக்கிட்டே திரிஞ்சாரு. உங்களுக்குள்ள சண்டைன்னா யாருகிட்டப் போவீங்க, வீட்ல சாவுன்னா மொதல்ல யாருக்குச் சொல்லுவீங்க, சூப்பர்வைசரு திட்டினா யாருகிட்ட அழுவீங்க. அத்தனை பேரும் ஒரே பேரைச் சொல்லியிருக்காக, வடிவக்கா, வடிவக்கா, வடிவக்கா. அப்பத்தான் இந்த பெஞ்சுல உக்கார வச்சு, நீலக்கோட்டைக் குடுத்து, மாற்றத் தோழின்னு ஒரு பட்டமும் குடுத்தாக. கேன்டீன்ல கேலி பறந்துச்சு. ஏளா, தோழி வாரா, எந்திரிச்சு நில்லுங்கடி, அக்காவுக்குக் கோட்டு இருக்கு, தொப்பி எப்ப குடுப்பாகன்னு. அவளும் சிரிச்சா. உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். எட்டாப்பு வரைக்கும் படிச்சவளுக்கு மாடியில ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில உக்காந்துதான் மொத கேள்வியே கேட்டா, தம்பி, போர்டுல படம் எதுக்கு, பேரை எழுதி மாட்டினாப் பத்தாதான்னு. ஏன்னா புது முறை என்னன்னா, மிஷினுக்குள்ள போறவன் தன் போட்டோ போட்ட அட்டையை போர்டு ஆணியில மாட்டணும். படம் தொங்குற வரைக்கும் யாரும் பட்டனைத் தொடக் கூடாது. படம் இல்லைன்னா ஓட்டலாம். யாரையும் தேட வேண்டாம், கட்டையும் வேண்டாம், மடியும் வேண்டாம். பொம்பளைகளுக்கு அதுலதான் முகம் மாறிப் போச்சு. உசுரோட இருக்கற ஆம்பளை படத்தை ஆணியில அறைஞ்சு தொங்க விடுறதா, எங்க வீட்ல அப்பிடித் தொங்குறதெல்லாம் போய்ச் சேந்தவக படம்லான்னு ஒருத்தி எந்திரிச்சுட்டா. வடிவு அதைப் போயி ஆதர்ஷு கிட்டச் சொன்னா. அவரு ஒரு மஞ்சச் சீட்டுல குறிச்சுக்கிட்டாரு. எழுத்து தெரியாதவங்களும் இருக்காங்களேக்கா, படம்னா யாருக்கும் புரியும், இந்த மாதிரி பயமெல்லாம் ரெண்டு மாசத்துல போயிரும், நீங்க எடுத்துச் சொன்னாக் கேப்பாங்கன்னாரு. நீங்க சொன்னா. அந்த வார்த்தை எப்பிடி இனிச்சுது. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். மேசையில கையைத் தட்டி வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அவளுக்குமே ஒரு பெரியம்மா உண்டு, கோயில் கொடைத் திருவிழாவுல யாரோ அவளைப் படம் பிடிச்சுட்டான்னு மூணு நாளு காய்ச்சல்ல கிடந்தா. அந்தப் பெரியம்மா ரத்தம்தானே இதுவும். இருந்தும் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, நம்ம ஆதார் கார்டுல படம் இல்லையா, அதனால செத்தா போயிட்டோம்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாக. சிரிச்சா ஒத்துக்கிட்டாகன்னு அர்த்தம்னு நினைச்சா.

பலவேசம் மட்டும் சிரிக்கலை. மத்தவக அட்டைக்கு வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி நின்னு படம் எடுத்துக்கிட்டப்பவும் அவன் கட்டையை விடலை. புதுப் பெட்டி வந்து சுச்சு வந்தாச்சு, பழைய கட்டைக்கு வேலையே இல்லை, இருந்தும் அதுக்குப் பதிலா உள்ள இருக்கற எதையோ கழட்டி மடியில கட்டிக்கிட்டான். ரெண்டு தடவை மெமோ குடுத்தாக. மூணாவது தடவை வேலைக்கே ஆபத்துன்னாக. நான் பேசுறேன்னு வடிவு போனா. மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவன் டப்பாவுல புளிக்குழம்பு. என்ன தம்பி, எல்லாரும் மாறியாச்சு, நீ மட்டும் என்ன மடிக்குள்ளயே குடித்தனம் நடத்துறேன்னா. அவன், அக்கா, மடியில இருந்தா நான் பாத்துக்குவேன், ஆணியில இருந்தா யாரு பாத்துக்குவான்னு கேட்டான். வெள்ளந்தியாத்தான் கேட்டான். அதுக்கு அவ ஒண்ணு சொன்னா. இப்ப பெஞ்சுல உக்காந்து அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு அப்பிடியே முள்ளுல மாட்டின சேலை மாதிரி நின்னுக்குது, இழுத்தா கிழியுது, விட்டா நகரலை. நான் பாத்துக்கறேன்டா, என் மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டா. அவன் கொஞ்ச நேரம் குழம்புச் சோத்தைப் பிசைஞ்சான். கையைக் கழுவிட்டு வந்து மடியை அவுத்து உள்ள இருந்ததை அவ கையில குடுத்தான். சூடா இருந்துச்சு, உடம்புச் சூடு. மறுநாளே அவனும் வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி சிரிச்சுக்கிட்டு நின்னு படம் எடுத்துக்கிட்டான். அது வரைக்கும் சரி, பதினோரு நாளு எல்லாம் சரி, பதினோரு நாளும் அவன் படத்தை மாட்டிட்டுத்தான் உள்ள கை விட்டான்.

தேவசகாயம் அண்ணாச்சி டீ கொண்டாந்தாரு. ஆபீசு அட்டெண்டரு, நாப்பது வருச ஆளு, இடது கையில சுண்டு விரலு கிடையாது, மிச்சமிருக்கற மொட்டுல ஒரு மோதிரத்தை மாட்டிக்கிட்டுத் திரிவாரு, கேட்டா வேளாங்கண்ணி மாதா மோதிரம், விரலு போனாலும் நேந்தது நேந்ததுதானேம்பாரு. "என்ன தாயி, ஆடை கட்டுறதுக்குள்ள குடி." "வேண்டாம் அண்ணாச்சி." "மூணு நாளா வேண்டாம்னா ஆச்சா? நீ என்ன பண்ணுவே, அவன் தலையெழுத்து. மாட்டாம விட்டுட்டான்." "யாரு சொன்னா மாட்டலைன்னு?" "உள்ள டைப்படிச்சதை நான்தான பாத்தேன். நீ சொன்ன முறைப்படி செஞ்சிருந்தா கை இருந்திருக்கும். உன்னைய யாரும் ஒண்ணும் சொல்லலை தாயி, எல்லாரும் அதைத்தான் பேசிக்கிடறாக, வடிவக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னா, அவன் கேக்கலைன்னு." டம்ளரை பெஞ்சுல வச்சுட்டுப் போயிட்டாரு. எல்லாரும் அதைத்தான் பேசிக்கிடறாக. ஆடை சுருங்கிச் சுருங்கி டம்ளரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதையே பாத்துக்கிட்டிருந்தா. பால் ஆடைன்னா அவ புருசனுக்கு ஆகாது, குமட்டிரும், வடிகட்டித்தான் குடுப்பா. அவரு படமும் ஆணியில இருக்கு வீட்ல. பதினோரு வருசமா இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ போடுவா.

வெள்ளிக்கிழமை. வேண்டாம் வேண்டாம்னாலும் அங்கதான் வந்து நிக்குது. இந்த மில்லுல வெள்ளிக்கிழமை காலையில கூட்டுற மாடத்தி எல்லா கரண்டுப் பெட்டிக்கும் ஒரு முழப் பூவைக் கிள்ளிக் கிள்ளி வச்சுக்கிட்டு வருவா, மிஷினு ஆளை அடிக்காம இருக்கணும்னு அந்தக் காலத்துலருந்து இருக்கற பழக்கம். புது முறையில அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. ஆதர்ஷு வெளியூருலருந்து வந்தவரு, அவருக்குத் தெரியாது. வடிவுக்குத் தெரியும். அவளுக்கும் தோணலை. பெட்டியில இதுவரைக்கும் பூவைச் சொருக இடம் தேடிக்கிட்டிருந்த மாடத்திக்கு, ப்ளோரூமு போர்டுல வாகா ஆணி இருக்கு, பாத்தா, தொங்க விட்டுட்டா, போயிட்டா. அவளுக்குக் கண்ணு மங்கலு, ஆணியில ஏற்கெனவே ஒண்ணு தொங்குறதே தெரிஞ்சுதோ என்னவோ. வடிவு கையில பயிற்சி நோட்டோட அந்தப் பக்கம் திரும்பினா. பலவேசம் சிரிக்கறான், வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி நின்ன அதே சிரிப்பு, நெத்தியில விபூதி, கழுத்தைச் சுத்தி மல்லிகைப்பூ. முறை, போர்டு, பட்டன் எதுவும் ஞாபகத்துல இல்லை, அவ மூளை அங்க இல்லவே இல்லை, கைதான் இருந்துச்சு. சீ சீ, ஒண்ணும் இல்லை சாமி, ஒண்ணும் இல்லைன்னு படத்தைப் பிடுங்கி, பூவை உருவிக் கீழ போட்டு, முந்தானையால அவன் முகத்தைத் துடைச்சா, புள்ளைக்கு மூஞ்சி துடைக்கற மாதிரி. திரும்ப மாட்டணும்னுதான் இருந்தா. சத்தியமா மாட்டணும்னுதான். அந்த நேரம் பாத்து போனு அடிச்சுது. அக்கா, ஆடிட்டுக்கு வந்திருக்காங்க, உடனே பயிற்சி நோட்டைக் கொண்டு வாங்கன்னு ஆதர்ஷு. இந்தா வந்துட்டேன் தம்பின்னு நடந்தா. கை தானா படத்தைக் கோட்டுக்குள்ள போட்டுக்கிச்சு, வீட்டுச் சாவியைப் போடுற மாதிரி. கார்டிங் வாசல் வரைக்கும் எத்தனை எட்டு இருக்கும், இருபது, இருபத்தஞ்சு. அவளுக்குப் பின்னால ப்ளோரூமு மிஷினை ஓட்டுற ராசையா போர்டைப் பாத்தான், காலி, பட்டனை அமுக்கினான். அவன் மேல தப்பே இல்லை, யாரையும் தேட வேண்டாம், போர்டைப் பாரு, பட்டனை அமுக்குன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு. அந்தச் சத்தம். சத்தம்னு சொல்ல முடியாது அதை. இரையுற குரலு ஒரு நொடி விக்கிச்சு, அவ்வளவுதான், தொண்டையில எதோ அடைச்ச மாதிரி. அதை அவ முதுகுக்குப் பின்னால கேட்டா. கேட்டும் ரெண்டு எட்டு நடந்தா. அந்த ரெண்டு எட்டுதான் இப்ப அவளைத் தூங்க விடலை.

இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா, ஏழு மணிக்கே. சொர்ணம் வராண்டாவுல தரையில உக்காந்து தலையை வாரிக்கிட்டிருந்தா. பலவேசத்தோட பொண்டாட்டி, கெட்டிக்காரி, அழுது முடிச்சுட்டு அடுத்தது என்னன்னு பாக்கற ஆளு. வாங்கக்கா, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காகன்னு உள்ள கூட்டிட்டுப் போனா. முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இல்லை, வெள்ளைத் துணி உருண்டையா இருக்கு. அவன் கண்ணைத் திறந்தான். அக்கான்னான். வலிக்குதாடான்னா. வலி கிடக்கட்டும்க்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நேத்து ஆபீசுலருந்து வந்து நீ படத்தை மாட்டலைன்னு சொல்றாக, நான் மாட்டினேன்னு சொல்றேன், போர்டுல இல்லையேங்கறாக, மாட்டின மாதிரிதான்க்கா இருக்கு, ஆணி கூட லேசா ஆடுச்சு, ஆனா அது அன்னைக்கா, முந்தின நாளான்னு இப்ப எனக்கே குழம்புது, பதினெட்டு வருசம் மடியில கட்டினவன், பழக்க தோசத்துல மறந்துட்டேனோ, என் புத்தி பிசகிப் போச்சோ, நீங்க சொன்னா நம்புவேன், நான் மாட்டினேனா? நர்சு வந்து பேச வேண்டாம்னா. தூங்குடா, அப்புறம் பேசுவோம்னு சொல்லிட்டு வடிவு எந்திரிச்சா. படம் கோட்டுக்குள்ள, அவன் தலைமாட்டுக்கும் அதுக்கும் ஒரு சாணு. கை போனவன் கையைக் கேக்கலை, புத்தியைக் கேக்கான். அதைக் குடுக்க அவகிட்ட இருக்கு. பஸ்ல வாரப்பவே முடிவு பண்ணிட்டா, உள்ள கூப்பிட்டதும் படத்தை மேசையில வச்சுருவேன், நான்தான் எடுத்தேன்னு சொல்லிருவேன், வேலை போகட்டும், போலீசு வரட்டும், கேன்டீன்ல நின்னு மூஞ்சியில துப்பட்டும். ஒவ்வொண்ணையும் நினைச்சு நினைச்சுப் பாத்து வியர்த்துப் போயி, இந்தா இப்பக் கூட காலு மரத்துப் போயி, ஊசி ஊசியாக் குத்துது.

கதவு திறந்துச்சு. வாங்கம்மான்னாரு மேனேஜர் ரகுராமராஜா, நிதானமான மனுசன், யாரையும் அதட்ட மாட்டாரு. ஆதர்ஷு ஜன்னலோரம் நின்னுக்கிட்டிருந்தாரு, மூணு நாளு சவரம் பண்ணாத மூஞ்சி. வடிவு உக்காரலை. உக்காந்தா தைரியம் போயிரும்னு பயம். படத்தை எடுத்து மேசையில வச்சா. "சார், அவன் மாட்டினான். நான்தான் எடுத்தேன். பூ தொங்குச்சு, பாக்கச் சகிக்கலை, எடுத்துட்டேன். திரும்ப மாட்டலை." சொல்லி முடிச்சுட்டு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ரகுராமராஜா படத்தைப் பாத்தாரு, தொடலை. "தெரியும்மா" ன்னாரு. "வெள்ளிக்கிழமை சாயங்காலமே கேமராவுல பாத்துட்டோம். உக்காருங்க." அவ உக்காந்தா. "தெரிஞ்சா ஏன் சார் அவன்கிட்ட மாட்டலைன்னு போயிச் சொன்னீக?" அதுக்கு ஆதர்ஷுதான் பதில் சொன்னாரு, மெதுவா, ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி. "அக்கா, அவர் மாட்டலைன்னா ஒரு ஆளோட தப்பு. நீங்க எடுத்தீங்கன்னா முறையே தப்பு. யாரு வேணும்னாலும் எடுக்கலாம்னு ஆயிருது. இன்னும் மூணு மில்லுல ஆரம்பிச்சிருக்கோம். எல்லாம் நின்னு போயிரும். நீங்களும் போயிருவீங்க. உங்களைப் பாத்துத்தானே எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க." ரகுராமராஜா காகிதத்தைத் திருப்பி அவ பக்கம் நகத்தினாரு. "கேமராவுல இருக்கறது இந்த ரூமைத் தாண்டாது. உங்க பேருக்கு ஒண்ணும் வராதும்மா. இருபத்தாறு வருசம் உழைச்சிருக்கீங்க."

அப்ப அவளுக்கு மொதல்ல வந்தது என்னன்னு அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. அழுகை வரலை, கோவம் வரலை. பசிச்சுது. மூணு நாளு வாயில வச்சதெல்லாம் மண்ணா இருந்துச்சு, இப்ப திடீர்னு கேன்டீன்ல வெங்காயம் தாளிக்கற வாசனை இந்த மாடி வரைக்கும் வருதே, இத்தனை நேரம் எங்க போச்சு இதுன்னு இருந்துச்சு. தோளு ரெண்டும் தானாக் கீழ இறங்கிச்சு. போலீசு இல்லை, துப்பலு இல்லை, பெஞ்சும் இல்லை. தப்பிச்சுட்டேன்னு உடம்பு சொல்லுது, அவ வேண்டாங்கறா, உடம்பு கேக்கலை. அந்தப் பசி மேல அவளுக்கு அப்பிடி ஒரு அருவருப்பு வந்துச்சு. அதை மறைக்கத்தான் பேசினாளோ என்னவோ. "படம் வேண்டாம் சார். எந்த மில்லுலயும் படம் வேண்டாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வைப்பாக, எவளாவது ஒருத்தி என்னைய மாதிரி எடுத்துருவா. பேரு மட்டும் போடுங்க. பூட்டு போடுங்க, சாவி அவனவன்கிட்ட இருக்கட்டும். அதைச் செஞ்சாத்தான் போடுவேன்." ஆதர்ஷு முகத்துல மூணு நாளா இல்லாத ஒரு வெளிச்சம் வந்துச்சு. "செய்யலாம்க்கா. நல்ல யோசனை. இந்த வாரமே செஞ்சிரலாம், உங்க பேருலயே போடறேன்." ரகுராமராஜாவும் தலையாட்டினாரு. இத்தனை சுளுவா. போன வருசம் இதே மாடியில கேட்டப்ப மஞ்சச் சீட்டு. இன்னைக்கு ஒரு கை விலைக்கு உடனே கிடைக்குது. நாலு மில்லுல எத்தனை பேரு, எத்தனை கை, அத்தனையும் தப்பிக்கும்ல, அதுக்காகத்தான் போடுறேன், அதுக்காகத்தான்னு சொல்லிக்கிட்டா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சுது, அவுக மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் போட்டிருப்பா. சண்முகவடிவுன்னு முழுப் பேரையும் எழுதினா. நல்ல எழுத்து அவளுக்கு. படத்தை ரகுராமராஜா ஒரு கவருக்குள்ள போட்டு இழுப்பறையில வச்சாரு.

வராண்டாவுக்கு வந்ததும் போனு அடிச்சுது. சொர்ணம். அக்கா, இவுக முழிச்சதுலருந்து அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காக, ஊசி போட்டும் தூங்க மாட்டேங்காக, டாக்டரு திட்டுறாரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அடங்குவாக போலருக்கு, காதுல வைக்கேன், சொல்லுங்கக்கான்னா. வடிவு செவுத்தோரமா ஒதுங்கினா. கீழ கேன்டீன்ல தட்டு கழுவுற சத்தம். பழகின இரைச்சல் ஒண்ணு கூடக் குறையாம ஓடிக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் மூச்சு கேட்டுச்சு, கஷ்டப்பட்டு வாங்குற மூச்சு. "அக்கா" ன்னான். "சொல்லுடா." "மாட்டினேனாக்கா?" இப்பச் சொல்லலாம். கையெழுத்து காகிதத்துலதானே போட்டா, வாயிலயா போட்டா. ரகுராமராஜாவுக்கோ ஆபீசருக்கோ தெரிய வேண்டாம், இவன் ஒருத்தன் காதுக்கு மட்டும், நீ மாட்டினடா, நான் எடுத்தேன்னு. சொன்னா அவன் சொர்ணத்துக்கிட்டச் சொல்லுவான், சொர்ணம் சும்மா இருக்க மாட்டா, மத்தியானமே கேட்டுல வந்து நிப்பா, பூட்டு சாவி எல்லாம் போயிரும், நாலு மில்லும், நாலு மில்லுமா, இல்லை நீயா, நீதான், நீதான்டி. "மறந்திருப்பே தம்பி" ன்னு அவ வாயி சொல்லிச்சு. "பதினெட்டு வருசப் பழக்கம்ல. யாருக்கும் வரும்." அந்தப் பக்கம் அவன் நீளமா ஒரு மூச்சு விட்டான், சுமையை இறக்கி வைக்கற மாதிரி. "சரிக்கா. நீங்க சொன்னா சரிதான். மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு." போனை யாரும் அணைக்கலை, கட்டில்ல எங்கயோ கிடக்கு போலருக்கு. அவன் பேசுறது தள்ளிக் கேட்டுச்சு, தூக்கம் வாரவன் குரல்ல.

"ஏ சொர்ணம், நான்தான் மாட்டலையாம்."